மாண்புமிகு என்பதற்கான சைகை

“எருமை!” என்று மீசைக்காரர் கத்தியபோது என் கைகள் ஏற்கெனவே காற்றில் இருந்தன.

அப்படியே நிறுத்த முடியாது. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில், தபால்தலை அளவுப் பெட்டிக்குள் நின்று, நகராட்சிக் கூட்டத்தைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வது என் வேலை.

‘உறுப்பினர் உடன்படவில்லை’ என்று சைகை செய்தேன்.

புத்தாண்டின் முதல் கூட்டம். இந்த ஆண்டு முழுக்க நாகரிகமாகப் பேசுவது, விட்டுக்கொடுத்துப் போவது என்று தொடங்கும்போதே ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அது நான்கு நிமிடம் இருபது விநாடி தாங்கியது. நான் படித்தது இயற்பியல். எதையாவது அளந்துகொண்டிருந்தால்தான் எனக்குப் பதற்றம் குறையும்.

சண்டை ஒரு கம்பத்துக்காக.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளி வாசலில் சிக்னல் கம்பம் நட வேண்டும். அவர்களுக்கு வண்டிச் சத்தம் கேட்காது. இதில் யாருக்கும் மறுப்பில்லை. கம்பத்தில் மாட்டும் பலகையில் மீசைக்காரரின் கட்சித் தலைவர் பெயரா, கண்ணாடிக்காரரின் கட்சித் தலைவர் பெயரா என்பதில்தான் எட்டு மாதம் போயிருந்தது. இன்றும் முடியாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும், பிறகு அடுத்த ஆண்டுதான் என்று நகராட்சித் தலைவர் மணியடித்துச் சொல்லிவிட்டார்.

என் தங்கை அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. போன மாதம் ஒரு பைக் அவளுடைய புத்தகப் பையை இழுத்துக்கொண்டு போனது. பையை மட்டும்.

“யோவ், அது என்ன உங்க மாமனார் வீட்டு ரோடா?” என்றார் கண்ணாடிக்காரர்.

‘சாலையின் உரிமை குறித்து உறுப்பினர் விளக்கம் கேட்கிறார்.’

பொய்தான். ஆனால் வீட்டில் தங்கை திரை முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் ரோட்டைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவது இவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

பார்வையாளர் வரிசையில் ஒருவர் எழுந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் மகளும் அதே பள்ளி. அவருக்கும் காது கேட்காது. பொதுமக்களுக்கு இரண்டு நிமிடம் உண்டு. அவர் கையால் பேசுவார், நான் குரல் கொடுக்க வேண்டும்.

அவர் முன்வரிசை முழுவதையும் சுட்டிக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் தலையின் இரு பக்கமும் வைத்து, மெல்ல மேல்நோக்கி வளைத்தார்.

மைக்கை நெருங்கினேன். கூட்டத்தில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“மாண்புமிகு உறுப்பினர்களே” என்றேன்.

அவர் கைகள் காற்றை வெட்டின. நான் தொடர்ந்தேன். “நீங்கள் பேசுவதை ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறோம். இவ்வளவு மரியாதையாகச் சண்டை போடுகிறவர்களை வேறெங்கும் பார்த்ததில்லை. இப்படிப் பேசப் பழகுங்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு உங்களைத்தான் காட்டுகிறோம். அந்தப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க இன்றைக்கே ஒரு வழி செய்துவிடுவீர்கள் என்று நம்புகிறோம்.”

மீசைக்காரர் மீசையைத் தடவினார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“அவர் மூஞ்சி ஏம்மா இப்படிச் சிவந்திருக்கு?” என்று கடிகாரக்காரரைக் காட்டித் தலைவர் என்னிடம் கேட்டார்.

“நெகிழ்ந்துட்டார் சார்.”

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். “பலகைக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? போற பக்கம் உங்க ஆளு, வர்ற பக்கம் எங்க ஆளு.”

“அதைத்தான்யா நானும் சொல்ல வந்தேன்” என்றார் மீசைக்காரர்.

எட்டு மாதத்தில் யாரும் பலகையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பதினொரு விநாடியில் எல்லாக் கையும் உயர்ந்தது. கம்பம் நிறைவேறியது.

நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

“மொதல்ல அவர் ஒண்ணு செஞ்சாரே, அந்த மாண்புமிகு, அது எப்படிம்மா?” என்றார் தலைவர். “நாமளும் கத்துக்குவோம். புது வருஷம்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேமராவும் பார்த்தது.

செய்து காட்டினேன்.

முப்பத்திரண்டு உறுப்பினர்களும் எழுந்தார்கள். மீசைக்காரர் கண்ணாடிக்காரரை நோக்கித் திரும்பி, இரண்டு கைகளையும் தலையின் இரு பக்கமும் வைத்து, பணிவாக வளைத்தார். கண்ணாடிக்காரர் இன்னும் பணிவாகத் திருப்பிச் செய்தார். பிறகு அனைவரும் கடிகாரக்காரரை நோக்கி. புகைப்படம் எடுத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் அவர் எனக்காகக் காத்திருந்தார். யாருக்கும் தெரியாதபடி, நெஞ்சுக்கு நேரே, சின்னதாகச் சைகை செய்தார்.

‘எனக்கு உதடு படிக்கத் தெரியும்.’

‘அவர்கள் பேசியது எல்லாமா?’ என்று கேட்டேன்.

‘நீ பேசியதும்.’

தலை குனிந்தேன். அவர் என் தோளைத் தட்டி நிமிரச் சொன்னார். அவர் முகத்தில் இப்போது சிவப்பு இல்லை.

‘பரவாயில்லை, நான் நன்றாகத்தான் பேசியிருக்கிறேன்.’

பையில் கைப்பேசி அதிர்ந்தது. தங்கையின் குறுஞ்செய்தி.

“அக்கா, சிக்னல் வந்திருச்சு! சூப்பர்! ஆனா ஏன் எல்லாரும் எழுந்து நின்னு, ஒருத்தரை ஒருத்தர் எருமைன்னு சொல்லிக்கிறாங்க?”