ஓடுற இன்ஜினைக் கழட்டச் சொன்னவள்

"நல்லா ஓடுற இன்ஜினை எதுக்கும்மா கழட்டணும்?"

மெக்கானிக் உலகநாதன் எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்துவிட்டார். சிந்தாமணி ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"டீசல் இன்ஜின் போட்டுக் குடுங்கண்ணா."

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது உலகநாதனின் ஷெட். வாசலில் நின்றது பழைய பெட்ரோல் ஜீப். சிந்தாமணியின் கணவன் அரிகிருஷ்ணன் ஆசை ஆசையாக வைத்திருந்த வண்டி. மாரடைப்பில் அவன் போய் இன்னும் தலைத் திவசம்கூட ஆகவில்லை.

"மைலேஜ் பத்தலையா?"

"அதெல்லாம் இல்லண்ணா."

"இழுவை?"

"நல்லாத்தான் இழுக்குது."

"பின்ன இன்னாம்மா? பெட்ரோல் வெல கம்மின்னு கடலூர்க்காரன் பார்டர் தாண்டி நம்மூருக்கு வர்றான். உனக்கு டீசல் கேக்குதா?"

அவள் சிரிக்கவில்லை.

"வித்துடலாம்னு பாத்தா, மழை பேஞ்சா எங்க கரும்புக் கொல்லைக்கு இதைத் தவிர வேற வண்டி போவாது. மாத்திக் குடுத்துடுங்கண்ணா." கொஞ்சம் தயங்கினாள். "டீசல்னா சத்தம் வேற மாதிரி வரும்ல?"

"வேற மாதிரியா? தடதடன்னு ஊரையே எழுப்பும். கவலப்படாத, நல்ல சைலன்சரா போட்டு அடக்கிடறேன்."

"அடக்க வேணாம். நல்லாக் கேக்கட்டும்."

உலகநாதனுக்குத் தலை சுற்றியது. வண்டிக்குச் சத்தம் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லாம் மீசை முளைக்கிற வயசுப் பையன்கள். புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷம் ஆகாத பொம்பளைக்கு, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி வண்டி எதற்கு? வாய் வரைக்கும் வந்த கேள்வியை முழுங்கிக்கொண்டார்.

விஷயம் மறுநாளே வில்லியனூர் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் பஸ் தேவையில்லை. அங்கே இருக்கும் அரிகிருஷ்ணனின் தம்பி கமலக்கண்ணன் போனில் பிடித்துக்கொண்டான். அண்ணி வீட்டில் இருக்கும் பெற்ற அப்பாவைக்கூடத் தீபாவளி, பொங்கலுக்குத்தான் எட்டிப் பார்ப்பவன்.

"அண்ணா, அந்த இன்ஜின்ல கைய வெச்சிடாதீங்க. எங்கண்ணன் பாத்துப் பாத்து வெச்சிருந்தது."

"நான் இன்னாப்பா பண்றது? வண்டிக்காரங்க சொல்றாங்க."

"அண்ணனோட அடையாளமே இருக்கக் கூடாதுன்னு நெனைக்குது அண்ணி. வேற இன்னா?"

உலகநாதனுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் சிந்தாமணியைப் பார்த்தால் அப்படிப்பட்டவளாகத் தெரியவில்லையே என்றும் பட்டது. குழப்பத்தோடேயே ஸ்பேனரை எடுத்தார்.

கவிழ்ந்து நொறுங்கிய ஒரு பிக்கப் வண்டியிலிருந்து டீசல் இன்ஜின் கிடைத்தது. ஜீப்பில் உட்காரவே மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. மவுண்டிங்கை வெட்டி, ஒட்டி, ரேடியேட்டரை மாற்றி, கியர்பாக்ஸோடு சேர்ப்பதற்குள் உலகநாதனுக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

நடுநடுவே சிந்தாமணி வந்து பார்ப்பாள். கழற்றி வைத்த பெட்ரோல் இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். கண் கலங்கியிருக்கும்.

"இஷ்டமில்லைன்னா சொல்லும்மா. பழசையே ஏத்திடறேன்."

"ஐயையோ, வேணாம்ணா!" என்று பதறுவாள்.

என்ன பெண்ணோ இவள்! உலகநாதன் யோசிப்பதையே விட்டுவிட்டார்.

ஒரு வழியாக வேலை முடிந்தது. சிந்தாமணி ஓட்ட, பக்கத்தில் உலகநாதன் உட்கார்ந்து வந்தார். தடதடவென்று ஜீப் அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது, கேட் அருகே கமலக்கண்ணன் சண்டைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

"இப்ப திருப்தியா அண்ணி? எங்கண்ணன் வண்டி மாதிரியா இருக்குது இது?"

அவள் இன்ஜினை அணைக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் மாமனார் சாமிநாதன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர் தலையைத் தூக்கினார்.

"யாரு வூட்டு டிராக்டரும்மா?"

"பக்கத்தூருது மாமா."

"வந்தவங்கள ஒரு வாய் சாப்ட்டுப் போவச் சொல்லு" என்றவர், மறுபடியும் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

சிந்தாமணி இன்ஜினை அணைத்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். எதற்கு அழுகிறாள் என்று உலகநாதனுக்குப் புரியவில்லை. கமலக்கண்ணனுக்கும் வேகம் குறைந்துவிட்டது.

"இன்னா அண்ணி... இன்னா நடக்குது இங்க?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பது போல மெல்லப் பேசினாள்.

"மாமாவுக்கு உங்கண்ணன் செத்தது நெனப்புல நிக்க மாட்டேங்குது தம்பி. பழைய இன்ஜின் சத்தம் கேட்டா போதும், 'அரி வந்துட்டான், தட்டு வைய்யி'ன்னு எழுந்து வாசலுக்கு ஓடியாருவாரு. வண்டியிலேர்ந்து எறங்குறது நானு. 'எங்கம்மா எம்புள்ள'ன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்லட்டும்? நான் வூட்டுக்கு வர்றப்பல்லாம் அவரு புதுசா புள்ளையப் பறிகுடுத்துனு இருந்தாரு."