ஐந்தரை சென்டிமீட்டர்

எர்ணாவூர் லோகநாதனின் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி அள்ளிய நெஞ்சு, வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷனைத் தாங்காது. தொடை வழியாக ஸ்டென்ட் குழாயைச் செருகினால் பிழைப்பான்.

"அஞ்சே கால் சென்டிமீட்டர்தான் இருக்கு. அஞ்சரை ஆனாத்தான் செய்வோம். ஆறு மாசம் கழிச்சு வாங்க. உப்பு, பீடி, கோபம் எதுவும் ஆகாது; பிரஷர் ஏறினா வேகமா வீங்கிடும்" என்றார் டாக்டர்.

சீக்கிரம் வளர்த்துக்கொண்டு வா என்றுதான் எங்கள் தெருவுக்கு அது கேட்டது. மனைவி கெங்கம்மா பிரஷர் மாத்திரையை ஒளித்துவைத்து, கருவாட்டுக் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினாள். நண்பன் பீம்ராவ் தினமும் வந்து அவனைக் கோபப்படுத்திவிட்டுப் போனான். நான் என் பங்குக்குப் பீடி வாங்கிக் கொடுத்தேன்.

"இன்னா மாமு, வளந்துகினு கீதா?" என்பான் பீம்ராவ்.

"உள்ள கீறத நான் எப்டிடா பாக்கறது? துடிக்கிறது மட்டும் நல்லா தெரியுது."

ஆறாம் மாதம் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், "ஆறே கால்" என்றார்.

கெங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பீம்ராவ் லட்டுப் பெட்டியைப் பிரித்தான்.

டாக்டர் லட்டைத் தொடவில்லை. "அகலம் மட்டும் கூடலம்மா. மேலேயும் ஏறி, கிட்னிக்குப் போற குழாய் வரைக்கும் வீங்கிடுச்சு. ஸ்டென்ட் பிடிச்சு நிக்க நல்ல இடமே மிச்சமில்ல. இதுக்குன்னு அளவெடுத்துச் செய்யற குழாய் வெளிநாட்டுலதான் இருக்கு. இங்க வர்றதில்ல. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

லோகநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"எவ்ளோ கொறைக்கணும்னு சொல்லு சார். எல்லாருமா சேந்து கொறைச்சிட்றோம்."