மிஷின் விழுங்கிய முடி

"அசையாதே அக்கா. இது மூணாவது. இதுல கண்டிப்பா சரியா வந்துடும்" என்றாள் தங்கை.

முடி அலங்காரத்துக்கு வாங்கிய முதல் கருவி எட்டுக்கால் பூச்சி மாதிரி உச்சந்தலையில் உட்கார்ந்து சூடாக ஊதியது. அக்காவின் தலை கோழி கிளறிய குப்பையானதுதான் மிச்சம். இரண்டாவதில் இரண்டு கொக்கிகள் இருந்தன. தானே பின்னல் போடுமாம். அது போட்ட பின்னலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தங்கைக்கு விக்கல் எடுத்துவிட்டது.

"மெல்லச் சிரிடி. பக்கத்து ரூம்ல உங்க மாமா வேலையா இருக்கார். தெரிஞ்சா என் மானம் போயிடும்."

அக்காவின் கணவருக்குப் புது வேலை. திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருந்தபடியே பார்க்கிறார். என்ன வேலை என்று கேட்டதற்கு, "மத்தவங்க தலைவலியை வாங்கிக்கிற வேலை" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு உள்ளேயிருந்து விசைப்பலகை தடதடப்பதுதான் கேட்கும்.

நாளை அவர்களுடைய ஐந்தாவது திருமண நாள். கல்யாணப் படத்தில் இருந்த அதே சுருள் முடியோடு அவர் எதிரே போய் நிற்க வேண்டும், மனுஷன் அசந்து போக வேண்டும். அக்காவின் திட்டம் அவ்வளவுதான். இன்று அதற்கு ஒத்திகை.

மூன்றாவது கருவி உருண்டையாக, பார்க்க அப்பாவியாக இருந்தது. ஒரு கற்றை முடியை அதன் வாயில் வைத்தால் உள்ளே இழுத்துச் சுருட்டித் திருப்பித் தரும். இழுத்தது. இழுத்துக்கொண்டே போனது. காதோரம் வந்து 'க்ளக்' என்று நின்றுவிட்டது.

"எப்போடி திருப்பித் தரும்?"

"தரும் அக்கா. கொஞ்சம் யோசிக்குது போல."

ஸ்விட்சை அணைத்தார்கள். ஒயரைப் பிடுங்கினார்கள். மெல்ல இழுத்ததில் அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, முடி வரவில்லை.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வரட்டா?"

"கிட்ட வந்தே, கொன்னுடுவேன்."

அட்டைப் பெட்டியில் உதவிக்கு ஒரு எண் இருந்தது, செய்தி அனுப்பினால் போதும் என்று. அக்காவின் இரண்டு கையும் கருவியைத் தாங்கிக்கொண்டிருந்ததால் தங்கைதான் போனை எடுத்தாள்.

'வணக்கம் மேடம். நான் எப்படி உதவலாம்?' என்று உடனே பதில் வந்தது.

"மிஷின் முடியை முழுங்கிடுச்சுன்னு போடு" என்றாள் அக்கா.

'பதற வேண்டாம் மேடம். அடியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் முடி வந்துவிடும். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா?'

"அதெல்லாம் அவர் ரூம்லதானே இருக்கு" என்று அக்கா முனகினாள். தங்கை எழுதினாள்: 'இருக்கு, ஆனா மாமா ரூம்ல.'

'அவரிடம் கேட்கலாமே மேடம்?'

"அவர்கிட்டயா?" அக்காவுக்கு வலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "போன மாசம் ஒரு சாண் முடி வெட்டிக்கிட்டு அவர் முன்னால போய் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லலை. அந்த மனுஷனை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வைக்கத்தான் இவ்வளவு பாடு. இதை எழுதித் தொலைக்காதே, உனக்குத்தான் சொல்றேன்."

தங்கைக்கு அதை எழுதாமல் விட மனசு வரவில்லை. ஒரு எழுத்துக்கூட விடாமல் தட்டி அனுப்பிவிட்டாள்.

இந்த முறை உடனே பதில் வரவில்லை. எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் ஒரே வரி வந்தது: 'காத்திருக்கவும் மேடம். எங்கள் ஊழியர் நேரில் வருகிறார்.'

"நேர்லயா? நாம அட்ரஸே குடுக்கலையே" என்று தங்கை விழித்தாள்.

அறைக் கதவு திறந்தது. கணவர் நின்றிருந்தார். அக்கா பதறிப்போய்த் துண்டை இழுத்துத் தலையையும் கருவியையும் சேர்த்து மூடினாள்.

"ஒண்ணுமில்லைங்க, தலைக்குக் குளிச்சேன்" என்றாள். துண்டுக்கு வெளியே ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

 அவர் துண்டை விலக்கிவிட்டு, பக்கத்தில் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். திருகாணி கழன்றது. ஒரு இழைகூட அறாமல் முடி சுருண்டு வந்து தோளில் விழுந்தது. அதன் நுனியை விரலில் ஏந்தி ஒரு கணம் பார்த்தார்.

"ஒரு சாண் இல்ல மேடம், நாலு விரல்தான். அன்னைக்கே பார்த்தேன்."