எர்மெலிந்தாவின் துடிக்கும் இதயம்

பராகுவே முழுக்கப் பள்ளிகளை மூடி, பாடமெல்லாம் போனில் நடந்த காலம்.

"உங்க அறிவியல் வகுப்புல பாதிப் பேர்கூட இல்ல. இப்படியே போனா வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார் தலைமை ஆசிரியை சுனில்டா.

எர்மெலிந்தா விழுந்தடித்துக்கொண்டு கணினியில் அசையும் படங்கள் வரையக் கற்றாள். அவள் திரையில் இதயம் துடித்தது, ரத்தம் ஓடியது, நுரையீரல் பேசியது. பக்கத்தில் வைத்த தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தில் ஐஸ் கரைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுவாரமே வகுப்பு நிரம்பியது. யாரும் கேமராவைத் திறக்கவில்லை. ஆனால் மாணவர்களின் பெயரில் கேள்விகள் குவிந்தன.

'உப்பைக் குறைச்சா ரத்த அழுத்தம் குறையுமா, டீச்சர்?'

"பசங்களுக்கு என்ன அறிவு!" என்று சுனில்டாவே பூரித்தார்.

பள்ளி திறந்ததும் தேர்வு வைத்தாள். இதயத்துக்கு எத்தனை அறைகள் என்றுகூட ஒரு பிள்ளையும் எழுதவில்லை.

நொந்துபோய் வெளியே வந்தவளை வாசலில் தாய்மார்கள் சூழ்ந்துகொண்டார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயந்தாள்.

"பசங்க போனை வெச்சிட்டுப் பந்தாட ஓடிடுவாங்க. நாங்கதான் உட்கார்ந்து பார்த்தோம்" என்றாள் ஒருத்தி. "திடுதிப்புனு பள்ளிக்கூடத்தைத் திறந்துட்டீங்களே டீச்சர், எங்களுக்குக் கல்லீரல் பாதியில நிக்குது!"