பறவைப் பரீட்சை

சித்ரலேகா அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. மேலிடத்திலிருந்து ஒருவர் பார்வையாளர் போல வந்து சோதிப்பார், தவறினால் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று பாடம் செய்த பறவைகளின் கண்ணாடிப் பெட்டி முன் வந்து நின்ற பெரியவர் ஒருவர், உதட்டைக் குவித்து "ஊப் ஊப்" என்றார். "இது எதும்மா?"

அவள் விரலை நீட்டினாள். "அந்தச் செம்போத்து, சார்."

அடுத்து ஆட்காட்டி போலவும் மாங்குயில் போலவும் கத்திக் கேட்டார். செத்த பறவைகள் அவர் தொண்டையில் உயிர்த்தெழுந்தன. அவள் காட்டிய ஒவ்வொன்றையும் அவர் நெடுநேரம் பார்த்தார்.

"சார், நான் பாஸா?"

"எதுலம்மா பாஸு?" அவர் மாங்குயிலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ஆத்தங்கரையில தெனமும் கேட்ட சத்தம்லாம் யாருதுன்னு பாக்க வந்தேன். மூணு வயசுல போன கண்ணு, போன வாரந்தான் ஆபரேஷன்ல திரும்பி வந்திருக்கு."