முன்வரிசையில் இரண்டு சீட்டு

கிறிஸ்துமஸ் கச்சேரி தொடங்கி முக்கால் மணி நேரமாகிவிட்டது. சுற்றிலும் வயலின்கள் முழங்க, மேடை நடுவில் பெனிட்டா மட்டும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் வாசிக்கானுவ, நம்ம பிள்ளய சும்மா உக்கார வச்சிருக்கானுவளே! தாராவி குடிசைப் பிள்ளன்னு தெரிஞ்சிருக்கும்” என்று பொருமினார் அப்பா ஞானதாஸ்.

“நாம பாத்துட்டிருந்தா அவளுக்கு இன்னும் அவமானங்க. போயிருவோம்” என்று அம்மா ரூபாவதி கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள்.

வீடு திரும்பும் லோக்கல் ரயில் மாதுங்கா ஸ்டேஷனைத் தாண்டும்போது பெனிட்டாவின் போன் வந்தது.

“எங்கப்பா போனீங்க? இந்த சிம்பொனில மூணு பகுதி வரைக்கும் நான் சும்மாதான் உக்காரணும். கடைசிப் பகுதிலதான் என் பாட்டு. நான் எந்திரிச்சுப் பாடும்போது உங்க ரெண்டு சீட்டும் காலியாக் கெடந்துது. கடைசி வரைக்கும் அதப் பாத்துத்தாம்ப்பா பாடுனேன்.”