நாயகிக்கு ஒரு ஜோடி

"இது ஒத்து வராதும்மா. நம்ம பொண்ணு குணத்துக்கு இது ஒட்டவே இல்ல" என்றபடி கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார் அப்பா.

டிவி திரையில், அரண்மனை மாடத்தில், வில்லாளிப் பெண்ணும் இளவரசியும் கை கோத்து நின்றிருந்தார்கள்.

மகள் இந்தக் காட்சி வந்துவிடுமே என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுவது அவள் வேலை. வெளிவரப்போகும் மூன்றாம் பாகத்தில் கதாநாயகியான இந்த வில்லாளி முதன்முதலாகக் காதலிக்கிறாள், அதுவும் ஒரு பெண்ணை. அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். ஆனாலும் அப்பா ஒரு தடவை ஆடிப் பார்த்துச் சொல்லட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அப்பா லேசுப்பட்ட ரசிகர் இல்லை. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று முதல் பாகத்தைப் போட்டுக் கொடுத்தாள். அதோடு டிவி அவர் சொத்தாகிவிட்டது. கதாநாயகியை 'நம்ம பொண்ணு' என்றுதான் சொல்வார். அவளுக்கு அடிபட்டால் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"எதுப்பா ஒட்டல?"

"இந்தக் காதல்தான்."

"ஏன், அவ காதலிக்கக் கூடாதா?"

"தாராளமா காதலிக்கட்டும். யாரு வேணாம்னா? ஆனா இப்படியா?"

அந்த 'இப்படியா' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த, கூடவே குடியிருக்கும் தோழியான பல் டாக்டர் தலையை மட்டும் நீட்டி, 'விட்டுடு' என்று கண்ணால் சாடை காட்டினாள். வீட்டு வாடகையில் பாதி அவளுடையது. அப்பாவின் மாத்திரை, முழங்கால் ஒத்தடம், மாலை நடை எல்லாம் தானாகவே அவள் பொறுப்பாகியிருந்தன.

மகள் விடுவதாக இல்லை. "ரெண்டு பாகமா அவ யாரையும் நம்பலப்பா. ஒத்தையாவே திரிஞ்சா. இப்பதான் ஒருத்திகிட்ட மனசைத் திறக்குறா. இது வளர்ச்சி இல்லையா?"

"வளர்ச்சின்னா கொஞ்சம் கொஞ்சமா வரணும். இது என்னடான்னா, போயிட்டிருக்கிற வண்டி திடீர்னு வேற தண்டவாளத்துல ஏறுது."

"ஒரு இளவரசன்கிட்ட மயங்கியிருந்தா வண்டி நேராத்தானே போயிருக்கும்?"

"அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

"சும்மா மழுப்பாதீங்கப்பா. ரெண்டு பேரும் பொண்ணுங்க. அதுதானே உங்களுக்கு இடிக்குது? நேராவே சொல்லிடுங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரெண்டு பேரும் பொண்ணுங்கன்னு எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டா ஆடுறேன்?"

"அப்புறம் என்ன?"

"இந்த இளவரசி நேத்து வந்தவம்மா. ரெண்டு பாட்டு பாடினா, கொஞ்சம் சிரிச்சா, உடனே நம்ம பொண்ணு விழுந்துட்டாளாம். அவ என்ன அப்படிப்பட்டவளா? அந்தப் படகுக்காரியை எங்க கொண்டுபோய் விட்டே?"

"படகுக்காரியா?"

"முதல் பாகத்துலேருந்து கூடவே வர்றாளே, அவதான். நம்ம பொண்ணு அடிபட்டு ஆத்துல விழுந்தப்ப இழுத்துக் கரை சேர்த்தது யாரு? காய்ச்சல்ல பிதற்றினப்ப தூங்காம பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? இவ சிடுசிடுன்னு விழுந்தாலும் அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசினதில்ல. இவ வாய்விட்டுச் சிரிக்கிறதே அந்தப் படகுல ஏறினப்புறம்தான். எழுதின உனக்கே அது தெரியலயா?"

மகள் தயாராக வைத்திருந்த கோபம் போன இடம் தெரியாமல் போயிருந்தது. படகுக்காரிக்கு அவள் பெயர்கூட வைக்கவில்லை. ஆனாலும் எழுதும்போது, அவள் வரும் காட்சிகள் மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் தானாக வந்து விழுந்தது இப்போதுதான் உறைத்தது.

"ஆத்தைக் கடக்க ஒரு ஆள் வேணும்னுதாம்ப்பா அவளை வச்சேன்" என்றாள் மெதுவாக.

"கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஆனா அவங்க ரெண்டு பேரும் ஒரு நாள்கூட அதைப் பத்தி வாயைத் திறந்ததில்லையே."

"எப்படித் திறப்பாங்க? பயம். பெரியவங்க என்ன நினைப்பாங்களோன்னு பயம். நம்ம பொண்ணு பத்து பேரைத் தனியா அடிப்பா, இதுக்கு மட்டும் தைரியம் வராது. சொன்னா சந்தோஷப்பட ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்னு அவளுக்கு எங்க தெரியுது?"

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர் நின்றது. கதையை இந்த நேரத்தில் மாற்றினால் அலுவலகத்தில் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

"சரிப்பா. இளவரசியை ஊருக்கு அனுப்பிடுறேன். படகுக்காரிதான்."

"அப்படிச் சொல்லு." அப்பா திருப்தியாகக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"நீ என்னம்மா சொல்ற மருமகளே, நான் சொல்றது சரிதானே?"

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு பல் டாக்டரின் குரல் வந்தது.

"ரொம்பச் சரி மாமா."